இன்ஜினைத் தொடாத மருமவனே!

வாலே மருமவனே, உக்காரு. திட்டப் போறேன்னு நெனச்சு மூஞ்சியத் தூக்காத, பாராட்டத்தான் கூப்பிட்டேன். ஏப்ரல் 15-ல தொடங்கி ஜூன் 14 வரைக்கும், மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் நீ லாஞ்சுக்குப் பண்ணுன செலவப் பத்தித்தான் துறைமுகம் முழுக்கப் பேச்சு. அணியத்துல புதுப் பெயிண்டு. டிரைவர் கேபின்ல மெத்தை வச்ச நாற்காலி. கடல் சத்தம் காதுல விழாத அளவுக்கு ஸ்பீக்கர். ரெண்டு பக்கமும் உம் பொண்டாட்டி பேரு. ஒரு பக்கம் மட்டும் எழுதுனா அவ எந்தப் பக்கம் நின்னு பாப்பாளோன்னு பயம். எல்லாம் செஞ்ச. கடத்தண்ணிய உள்ள இழுக்குத குழாயில ஒரு சல்லடை இருக்கே, அத மட்டும் கழத்திப் பாக்கல. சரிதான், அதுக்குப் பெயிண்டு அடிச்சா யாரு கண்ணுக்குத் தெரியப் போவுது?

ஜூன் 15 விடியக்காலம் எல்லாருக்கும் முன்னால புறப்பட்ட. மத்தியானம் எல்லாருக்கும் முன்னால கரைக்கும் வந்துட்ட, அடுத்தவன் லாஞ்சு பின்னால கயிறு கட்டிக்கிட்டு. ஸ்பீக்கர் மட்டும் வழி நெடுகப் பாடிக்கிட்டே வந்துதாம். பேட்டரி நல்லாருக்குன்னு அதுலருந்து தெரிஞ்சுக்கிட்டேன். இனி பேட்டரியப் பத்திப் பேச மாட்டேன்.

இப்ப நீ சொல்லுதது என்ன? இன்ஜின் கொதிக்குது, ஐட்லிங்ல விட்டா குலுங்கிக் குலுங்கி நிக்கப் பாக்குது, ஹெட்டக் கழத்தணும்னு மெக்கானிக்கு சொல்லிட்டான். நல்ல யோசனை. கழத்திப் போட்டா அவனுக்குப் பத்து நாள் வேலை, உனக்குப் பத்து நாள் உறக்கம், மீனுக்குப் பத்து நாள் நிம்மதி. இத்தன பேருக்கு லாபம் வாற காரியத்த நாம் ஏன் தடுக்கணும்? ஆனா உங்கம்மை எனக்குத் தங்கச்சியாப் பொறந்துட்டாளே. அதனால சொல்லுதேன், இன்ஜினைத் தொடாத. அது ஓடிக் கெடல, சும்மா கெடந்து கெட்டுருக்கு. ரெண்டு மாசம் சும்மா கெடந்தா என்ன ஆவும்னு உன் வயித்தப் பாத்தாலே தெரியுது. கோளாறு முக்கால்வாசி இன்ஜினுக்கு உள்ள இருக்காது. தண்ணி வந்து போற வழியிலயும் டீசல் வாற வழியிலயுந்தான் இருக்கும். அந்த ரெண்டு வழியையும் மொதல்ல நடந்து பாரு. ஸ்பானரப் பெறவு தூக்கலாம்.

அதுக்கு முன்னால, நடுக்கடல்ல நீ பண்ணுன வைத்தியத்தப் பேசிருவோம். மீட்டர் முள்ளு சிவப்புக்குப் போனதும் தண்ணி டேங்கு மூடியத் தொறக்கப் போனியாமே. கையில துணி சுத்திக்கிட்டுத்தான் போனேன்னு பெருமை வேற. அழுத்தம் பிடிக்குத மூடிக்குள்ள இருக்குத தண்ணி 100 டிகிரி தாண்டியும் கொதிக்காம நிக்கும்லே. மூடிய ஒரு திருகு திருகுனா அழுத்தம் போயிரும், அடுத்த நிமிசம் கொதிதண்ணியும் ஆவியும் சேந்து மூஞ்சிக்கு வரும். கல்யாண ஆல்பத்துல இருக்குத மூஞ்சி அப்படியே இருக்கணும்னா, கைய வச்சாப் பொறுக்குத சூட்டுக்கு இறங்குத வரைக்கும் அந்த மூடிப் பக்கம் போவாத. அதோட விட்டியா? வாளியில தண்ணி மோந்து ஹெட்டு மேல ஊத்தப் போனியாம், கூட வந்த பய வாளியப் புடுங்குனானாம். அவனுக்குப் பங்கு கூட்டிக் குடு. காய்ஞ்ச வார்ப்பு இரும்புல பச்சத்தண்ணி பட்டா வெடிப்பு விடும். ஒரு ரப்பர் துண்டோட முடிய வேண்டிய கோளாறு, புது ஹெட்டு வாங்குத அளவுக்கு வளந்துரும்.

செய்ய வேண்டியது வேற. முள்ளு ஏறுதுன்னு கண்டா மொதல்ல சுமைய இறக்கு. வலை இழுத்துக்கிட்டு இருந்தாலும் சரி, வேகத்தக் குறைச்சு கியர நியூட்ரலுக்குக் கொண்டா. பக்கவாட்டுல கடத்தண்ணி வெளிய கொட்டுதான்னு எட்டிப் பாரு. நல்லாக் கொட்டுனா கொஞ்ச நேரம் மெதுவா ஓடவிட்டு சூட்ட இறங்க விடு. சட்டுன்னு அமத்துனா உள்ள சுத்துத தண்ணி நின்னுபோயி, இருக்குத சூடு அம்புட்டும் ஹெட்டுலயே தங்கிரும். தண்ணி கொட்டலன்னா யோசிக்காத, அமத்து. காத்து எந்தப் பக்கம் தள்ளுதுன்னு பாத்து நங்கூரத்தப் போடு. ஸ்பீக்கரையும் அமத்துனா நல்லது. தண்ணி கொட்டுத சத்தம் கொறைஞ்சத நீ கேக்காம போனதுக்கு அதுதான் காரணம்.

சூடாச்சு சூடாச்சுன்னு நூறு தடவ சொல்லுத. எப்ப சூடாச்சுன்னு ஒரு தடவ சொன்னாப் போதுமே. புறப்பட்ட கொஞ்ச நேரத்துல முள்ளு திடீர்னு எகிறுனா தண்ணி வாற வழி அடைபட்டுப் போச்சு, இல்லன்னா தண்ணி இழுக்குத பம்பு செத்துப்போச்சு, இல்லன்னா பெல்ட்டு அறுந்துபோச்சு. மெதுவாப் போகையில நல்லாருந்து, வேகம் கூட்டுனா ஏறுதுன்னா, தண்ணி வருது, ஆனா பத்தல. பாதி அடைச்ச கூலரோ, தேஞ்ச பம்போ, அளவுக்கு மிஞ்சுன சுமையோ பாக்கணும். ஒவ்வொரு மாசமும் முள்ளு கொஞ்சங் கொஞ்சமா மேல ஏறிக்கிட்டே வருதுன்னா உள்ள உப்பும் காரையும் படியுது. இன்ஜின்ல கை வச்சாப் பச்சுன்னு இருக்கு, முள்ளு மட்டும் சிவப்புல நிக்குதுன்னா மீட்டருக்குப் போற வயர்ல உப்புப் பிடிச்சிருக்கும். தூரத்துலருந்து நீட்டிப் பாக்குத தெர்மாமீட்டர் இப்ப கடையில கிடைக்கு. தெர்மோஸ்டாட்டு மூடிப் பக்கம் நீட்டிப் பாத்தா மீட்டர் பொய் சொல்லுதா, நீ பொய் சொல்லுதியான்னு தெரிஞ்சுரும்.

இனி தண்ணி வழிக்கு வா. லாஞ்சு அடியில, தண்ணிக்குக் கீழ, கடத்தண்ணி நுழையுத வாயி இருக்கு. ரெண்டு மாசம் துறைமுகத்துல கட்டிக் கெடந்த லாஞ்சுல அந்த வாயில யாரு குடியிருப்பா? கொட்டலசு. வாடகை கேக்க ஆளில்லன்னா அது குடும்பத்தோட வந்துரும். கூடவே பாசி. துறைமுகத் தண்ணியில மெதக்குத பிளாஸ்டிக் பையும் சேந்துக்கிட்டா கேக்கவே வேண்டாம். இன்ஜின் இழுக்கையில பை வந்து வாயில ஒட்டிக்கிடும். அமத்துனா விழுந்துரும், திரும்ப இழுத்தாத் திரும்ப ஒட்டும். நீ கரைக்கு வந்து மெக்கானிக்கக் கூட்டிக்கிட்டு வாறதுக்குள்ள அது எங்கயோ போயிரும். பேய்க் கோளாறுன்னு தாயத்து கட்டுனவன் உண்டு. ஒரு ஆளு முங்கிப் பாத்துருந்தா தாயத்துக் காசு மிச்சம்.

வாயைத் தாண்டுனா வால்வு. அது முழுசாத் தொறந்திருக்கான்னு பாரு. சிரிக்காத, மூடுன வால்வோட போனவன் இந்தத் துறைமுகத்துலயே இருக்கான், அவன் மானத்த நாம் வாங்கப் போறதில்ல. அடுத்தாப்புல சல்லடை. அதக் கழத்துததுக்கு முன்னால வால்வ மூடணும். மூடாமக் கழத்துனா கடல் உள்ள வரும், நீ வெளிய போவ. நம்ம பக்கமாவது தேவல. மண்டபத்துக்கு வடக்க பாக் விரிகுடாவுல ஆழம் ரொம்பக் கம்மி, பெரும்பாலும் பத்துப் பன்னெண்டு மீட்டருக்குள்ளதான். அங்க சேறும் கடல்புல்லும் சேந்தே வரும். அங்க ஓட்டுதவனுக்குச் சல்லடை கழுவுதது தினசரி வேலை. நீ தினசரி வண்டியக் கழுவுத, சல்லடையக் கழுவ மாட்ட.

சல்லடையிலருந்து பம்புக்குப் போற ரப்பர் ஹோஸ அமுக்கிப் பாரு. வெளிய பாக்க நல்லாருக்கும், உள்ள தோலு உரிஞ்சு தொங்கும். மெதுவா ஓடையில தண்ணி போவும். வேகம் கூட்டுனா உறிஞ்சுத வேகத்துல ஹோஸ் ஒட்டிப்போயி வழிய அடைக்கும். கிளாம்பு தளந்திருந்தா தண்ணிக்குப் பதிலாக் காத்த இழுக்கும். அந்த இடத்துல தண்ணி ஒழுகாதுலே. உறிஞ்சுத பக்கம்ங்கதனால காத்து உள்ள போவுமே தவிர தண்ணி வெளிய வராது. காஞ்சு கெடக்கு, அதனால நல்லாருக்குன்னு நீ முடிவு பண்ணிருப்ப.

பெறவு பம்பு. அதுக்குள்ள இம்பெல்லர்னு ஒரு ரப்பர்ச் சக்கரம், சுத்தி இதழ் இதழா இருக்கும். அந்த இதழு வளைஞ்சு நிமிந்துதான் தண்ணியத் தள்ளுது. தடைக்காலம் முழுக்க அது ஒரே பக்கமா வளைஞ்சே கெடந்துருக்கு. ரப்பர் அப்படியே பழகி இறுகிரும், பெறவு நிமிராது. அதனாலதான் தடைக்காலத்துல அதக் கழத்தி, கழுவி, தனியா எடுத்து வைன்னு போன வருசமே சொன்னேன். நீ தலைய ஆட்டுன. தண்ணியில்லாம ஓடுனா ஒண்ணு ரெண்டு நிமிசத்துலயே அந்த ரப்பர் கருகிப் பிஞ்சுரும். அஞ்சாறு திருகாணியக் கழத்துனா மூடி கையில வந்துரும், உள்ள பாத்துரலாம். பிஞ்ச இதழக் கண்டா புதுசு மாட்டிட்டு எந்திரிச்சு வந்துராத. பிஞ்ச துண்டு எங்க போச்சு? தண்ணியோட போயி கூலர் வாயில அடைச்சுக்கிட்டு நிக்கும். துண்டுகளப் பொறுக்கி ஒண்ணாச் சேத்து, பழைய இம்பெல்லர் முழுசா வருதான்னு பாரு. ஒரு இதழ் கொறைஞ்சாலும் அடுத்த வாரம் திரும்ப என் திண்ணைக்குத்தான் வருவ.

கூலர எதுக்கு வச்சிருக்குன்னு தெரியுமா? நம்ம லாஞ்சுகள்ல பாதிக்கு மேல லாரிக்கு அடிச்ச இன்ஜினு. ரோட்டுல இருந்தவரைக்கும் முன்னால ரேடியேட்டரு, அதுல காத்து. கடலுக்கு வந்ததும் ரேடியேட்டருக்குப் பதிலா ஹீட் எக்ஸ்சேஞ்சர், நம்ம வாயில கூலர். இன்ஜினுக்குள்ள நல்ல தண்ணி சுத்தும், கூலர்ல சின்னச் சின்னக் குழாய் வழியா கடத்தண்ணி ஓடும். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு கலக்காது, சூடு மட்டும் கை மாறும். சில லாஞ்சுல ஏராவ ஒட்டி அடியில குழாய் ஓடும், அதுக்குள்ளயும் நல்ல தண்ணிதான். சின்ன வள்ளத்துல கடத்தண்ணியே நேரா இன்ஜினுக்குள்ள போறதும் உண்டு. அங்க சூட்ட 60 டிகிரி பக்கத்துலயே நிறுத்தி வைப்பாங்க. அதுக்கு மேல போனா கடத்தண்ணியில கரைஞ்சிருக்குத சுண்ணாம்புச் சத்து பிரிஞ்சு, உள்சுவத்துல காரையாப் படியும். காரை மேல காரை ஏறுனா சூடு வெளிய போவாது. நல்ல தண்ணி டேங்கு கொறையுதேன்னு கடத்தண்ணிய மோந்து ஊத்துதவனுக்கு நான் ஒண்ணும் சொல்லுததில்ல, கும்பிட்டுட்டுப் போயிருதேன். கூலர்ல ஜிங்க் குச்சி ஒண்ணு மாட்டியிருந்தா அதையும் கழத்திப் பாரு. உப்புத்தண்ணி குழாய அரிக்காம அதத் தின்னட்டும்னுதான் வச்சிருக்கு. பாதி கரைஞ்சா மாத்தணும்.

கடைசியா, தண்ணி வெளிய போற இடம். நம்ம பக்கம் புகை மேல குழாயில போவும், தண்ணி பக்கவாட்டுல கொட்டும். ரெண்டையும் ஒண்ணாக் கலந்து வெளிய விடுத லாஞ்சா இருந்தா, கலக்குத முட்டுல கரியும் உப்பும் சேந்து வழி சுருங்கிரும். அதையும் கழத்திப் பாக்கணும். எல்லாத்துக்கும் மேல ஒரு சுலுவான சோதனை இருக்கு. இன்ஜின் நல்லாருக்கையில, தண்ணி கொட்டுத இடத்துல வாளியப் பிடிச்சு, எத்தன நேரத்துல நிறையுதுன்னு செவுத்துல எழுதி வை. சந்தேகம் வந்தா திரும்பப் பிடி. நேரம் கூடுனா தண்ணி கொறைஞ்சு போச்சு. செல்போன்ல நேரம் பாக்கலாம். அதுல வேற வேலையும் செய்யலாம்னு உனக்கும் தெரிஞ்ச மாதிரி இருக்கும்.

ஆமா, தெர்மோஸ்டாட்ட என்ன பண்ணுன? தலையக் குனியாத, எனக்குத் தெரியும். போன வருசம் சூடு கூடுனப்ப, அதக் கழத்தி எறிஞ்சா இன்ஜின் குளுகுளுன்னு ஓடும்னு ஒருத்தன் சொன்னான், நீயும் கழத்தி எறிஞ்ச. குளுகுளுன்னுதான் ஓடும், அதுலதான் வினையே. 70, 80 டிகிரி வரைக்கும் தண்ணிய கூலருக்கு விடாம உள்ளயே சுத்தவிட்டு, இன்ஜின வேலைக்கு ஏத்த சூட்டுக்குக் கொண்டு வாறதுதான் அதோட வேலை. அது இல்லன்னா ஐட்லிங்ல இன்ஜின் சூடே ஏறாது. குளிந்த சிலிண்டர்ல டீசல் முழுசா எரியாது. வெள்ளைப் புகை வரும், டகடகன்னு தட்டும், குலுங்கும். எரியாத டீசல் லைனர் சுவத்துல வழிஞ்சு ஆயில்ல போய்ச் சேரும். சில இன்ஜின்ல இன்னொரு கூத்தும் உண்டு. தெர்மோஸ்டாட்டு இல்லன்னா கூலருக்குப் போகாத சுத்துவழி எப்பவும் தொறந்தே கெடக்கும். சுமை ஏறுனா, ஆற வேண்டிய சுடுதண்ணியில ஒரு பங்கு ஆறாமத் திரும்பி வந்துரும். ஆக, சூட்டுக்குன்னு நீ பண்ணுன வைத்தியம் நிக்கையில குலுக்கத்தையும் ஓடையில சூட்டையும் சேத்துக் குடுத்துருக்கு. ரெண்டு கோளாறுன்னு சொல்லிக்கிட்டு வந்தியே, ரெண்டுக்கும் தாய் தகப்பன் நீதான். புது தெர்மோஸ்டாட்டு வாங்குனா, சட்டித் தண்ணியில தொங்கவிட்டு அடுப்புல வச்சு, எத்தன டிகிரில தொறக்குன்னு பாத்துட்டு மாட்டு. நல்ல சட்டிய எடுத்தா உம் பொண்டாட்டி எத்தன டிகிரில கொதிக்கான்னும் தெரியும்.

அத மாட்டியும் குலுக்கம் நிக்கலன்னா டீசல் வழிக்குப் போ. தடைக்காலத்துல டேங்கு பாதி காலியாக் கெடந்துதா? டீசல் விக்குத விலையில நெறைச்சு வைக்க மனசு வராது, நியாயந்தான். ஆனா காலியா இருந்த பாதியில கடக்காத்து இருந்துருக்கு. பகல்ல சூடு, ராத்திரி குளிரு, காத்துல இருக்குத ஈரம் டேங்குச் சுவத்துல வேர்த்து அடியில இறங்கும். தண்ணி டீசலவிட கனம், அதனால அடியிலயே கெடக்கும். கட்டிக் கெடக்கையில கோளாறு காட்டாது. வெளிய போயி நாலு அலை குலுக்குனதும் தண்ணியும் அடியில தங்குன அழுக்கும் கலங்கி ஃபில்டருக்கு வரும். தண்ணி பிரிக்குத கிண்ணத்துக்கு அடியில திருகு இருக்கு. அதத் தொறந்து ஒரு கண்ணாடிக் குப்பியில பிடி. கீழ தண்ணி, மேல டீசல்னு தனித்தனியா நிக்கும். நல்ல டீசல் வாற வரைக்கும் வடிச்சு விடு. வடிச்சதக் கடல்ல ஊத்தாத, அங்கதான் நமக்குச் சோறு. பெறவு ஃபில்டர மாத்து. ஃபில்டரத் தட்டித் தொடச்சு திரும்ப மாட்டுதது சிக்கனம்னு நெனப்ப. டீசல் பம்பும் நாசிலும் அந்தச் சிக்கனத்துக்கு வட்டி போட்டு வாங்கிரும்.

ஃபில்டர் மாத்துனா லைன்ல காத்து நிக்கும், காத்து எடுக்கணும். டேங்குப் பக்கத்துலருந்து இன்ஜின் பக்கமா, ஒவ்வொரு திருகா லேசாத் தளத்தி, கைப்பம்ப அடி. நுரையா வரும், குமிழியா வரும், பெறவு சுத்த டீசலா வரும். அப்ப இறுக்கு. இத்தன பண்ணியும் மறுநாள் திரும்பக் காத்துப் பிடிச்சிருந்தா எங்கயோ இழுக்குது. டேங்குக்கும் பம்புக்கும் நடுவுல உள்ள ஒவ்வொரு முட்டையும் பாரு. பழைய செம்பு வாஷரத் திரும்பப் போட்டு இறுக்குன இடம், வெடிச்ச ஹோஸ், கிளாம்பு, எல்லாத்தையும் பாரு. கண்டுபிடிக்க முடியலன்னா கொஞ்ச நேரத்துக்கு மட்டும் நடுவுல கண்ணாடி போல தெரியுத ஒரு துண்டு ஹோஸ் மாட்டு. காத்து குமிழியா ஓடுதது கண்ணுக்குத் தெரியும்.

காத்தும் இல்ல, தண்ணியும் இல்ல, இன்னும் ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங் அடிக்குதா? பழைய பம்பு வச்ச இன்ஜின்தானே உன்னது. ஐட்லிங்ல ஓடவிட்டு, நாசிலுக்குப் போற குழாய் நட்ட ஒவ்வொண்ணா லேசாத் தளத்து. நல்ல சிலிண்டரத் தளத்துனா சத்தம் மாறும், வேகம் இறங்கும். எதத் தளத்துனா மாத்தமே இல்லையோ அதுதான் வேலைக்கு வராம சம்பளம் வாங்குத சிலிண்டர். அந்த நாசில மட்டும் கழத்தி டெஸ்டிங் கடைக்குக் குடு, ஆறையும் குடுக்க வேண்டாம். பீச்சுத டீசலுக்கு நேரா விரல நீட்டாத, தோலத் துளைச்சு உள்ள போயிரும். கம்ப்யூட்டர் வச்ச காமன் ரெயில் இன்ஜினா இருந்தா இந்த வேலையே கூடாது. அதுல அழுத்தம் பல மடங்கு. அதுக்குப் படிச்சவனக் கூப்பிடு. நாசிலும் சரின்னா வால்வு டேப்பட் இடைவெளி, இன்ஜின் கால் ரப்பர், ஷாப்டு நேர்கோடு. கால் ரப்பர் செத்துப்போனா இன்ஜின் நல்லா ஓடுனாலும் லாஞ்சே ஆடும். நீ இன்ஜினத் திட்டுவ.

உங்க கூட்டத்துக்குத் தெரிஞ்ச வைத்தியம் இன்னொண்ணு உண்டு, ஐட்லிங்க ஏத்தி வைக்குதது. 600, 700 சுத்துல குலுங்குதா? ஆயிரத்துக்கு ஏத்து, குலுக்கம் போயிரும். குலுக்கம் போயிரும், கோளாறு அங்கயேதான் இருக்கும். கியர் போடுத ஒவ்வொரு தடவையும் கியர்பெட்டி டமார்னு அடி வாங்கும். பெறவு கியர்பெட்டி கோளாறுன்னு ஒரு நாள் வருவ. அன்னைக்கு நான் உறங்கிக்கிட்டு இருக்கேன்னு உங்கத்தை சொல்லுவா.

புகையப் பாக்கப் பழகு, அது ஓசி. கறுப்பாப் போனா டீசல் கூட, காத்துக் கொறைச்சல், இல்லன்னா சுமை மிஞ்சிப்போச்சு. இன்ஜின் ரூம் காத்து வாற வழியில பழைய வலையையும் ஐஸ் பெட்டியையும் அடுக்கி வச்சிருப்ப, மொதல்ல அத எடு. நீலமாப் போனா ஆயில் எரியுது. வெள்ளையில ரெண்டு சாதி. கண்ணு எரிஞ்சு, நாத்தம் அடிச்சு, காத்துல தங்கி நின்னா எரியாத டீசல். வெளிய வந்ததும் காத்துல கரைஞ்சு மறைஞ்சா நீராவி. சூடேறுன பெறகும் நீராவி நிக்காம வந்தா, அப்பத்தான் நான் பயப்படுவேன். தண்ணி டேங்கு மூடிய ஆறுன இன்ஜின்ல தொறந்து வச்சுட்டு ஸ்டார்ட் பண்ணிப் பாரு. உடனே குமிழி குமிழியாப் பொங்குனா ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். டிப் ஸ்டிக்க எடுத்தா ஆயில் அளவு கூடி, பால் ஊத்துன காப்பி நிறத்துல இருந்தா தண்ணி கலந்துருக்கு. அதுக்கு மேல செல்ப் அடிக்காத. சிலிண்டர்ல தண்ணி நின்னா பிஸ்டன் அத அமுக்க முடியாம கனெக்டிங் ராடு வளையும். அன்னைக்குப் போயி மெக்கானிக்கக் கூப்பிடு. ஹெட்டக் கழத்தட்டும், நானே டீ வாங்கித் தாரேன்.

இத்தனையும் சரியா இருந்தும் வேகம் கூட்டுனா சூடாவுதுன்னா, இன்ஜின விட்டுட்டு லாஞ்சு அடியப் பாரு. ஷாப்டுல வலைத்துண்டோ கயிறோ சுத்திக் கெடக்கும். அடியில கொட்டலசு அப்பியிருந்தா அதையும் சேத்து இழுக்கணும். அடுத்தவன் லாஞ்சு வேகமாப் போவுதேன்னு போன வருசம் பெரிய புரோபெல்லர் மாட்டுன பாரு, அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். முழு ஆக்சிலேட்டர் குடுத்தும் இன்ஜின் அதோட முழு சுத்துக்குப் போக மாட்டேங்குது, கறுப்புப் புகை தள்ளுதுன்னா அது தூக்க முடியாத சுமையத் தூக்குது. இழுவை வலையும் போட்டு, பெரிய புரோபெல்லரும் மாட்டி, கொட்டலசுக்கும் சவாரி குடுத்தா, எந்தக் கூலர் வச்சாலும் பத்தாது. அடுத்தவன் ஏன் வேகமாப் போறான் தெரியுமா? அவன் அடியச் செதுக்கிட்டுப் போறான்.

இப்ப எந்திரிச்சுப் போ. போற வழியில இம்பெல்லரு, பெல்ட்டு, ரெண்டு டீசல் ஃபில்டர், தெர்மோஸ்டாட்டு, நாலு கிளாம்பு வாங்கு. உன் ஸ்பீக்கர் விலைக்குள்ள எல்லாம் அடங்கும், மிச்சமும் இருக்கும். ஒரு டப்பாவுல போட்டு, டிரைவர் சீட்டுக்கு அடியில வை, கரையில இருக்குத வீட்டுல வைக்காத. இம்பெல்லர் மட்டும் ரெண்டா வாங்கிக்கோ. ஒண்ணு உனக்கு. இன்னொண்ணு, அடுத்த வருசம் ஜூன் 15 மத்தியானம் எவனாவது கொதிச்சுப்போயி வயர்லெஸ்ல கத்துவான் பாரு, அவனுக்கு. காசு வாங்காமக் குடு. குடுக்கையில நாம் இப்ப பேசுன அம்புட்டையும் அவங்கிட்ட ஒண்ணு விடாமச் சொல்லு. இம்பெல்லர் காசு அதுலயே உனக்கு வசூலாயிரும்.